யார் தட்டினாலும்

ஜூன் 4

அக்காவுக்கு,

நேற்று போனில் நீ அவ்வளவு நேரம் பேசினாய். நான் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னேன். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பாய். அது சரி இல்லை, வெறும் "ம்". போனில் எனக்குப் பேச வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

என் புரோகிராமை நீ சொன்ன அந்த இணையக் குழுவில் போட மாட்டேன்.

குழுவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் மொழியிலேயே பேசிக்கொள்கிறார்கள். எழுதியதை ஒளித்து வைக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போடுகிறார்கள். ஒரு வருடமாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. அடுத்த வீட்டு ஜன்னலோரம் நின்று டி.வி. பார்க்கிற மாதிரி.

என்னுடையது இன்னும் முடியவில்லை. யாராவது கதவைத் தட்டினால், வாசல் பக்கம் மாட்டியிருக்கும் பழைய போன் அதைக் கேட்டு, சமையலறையிலும் அறையிலும் இருக்கிற பல்பை விட்டு விட்டு எரிய வைக்க வேண்டும். தட்டுவது காதில் விழாத அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போய்த் திறக்க வேண்டும். அவ்வளவுதான். அமுக்கினால் பல்பு எரிகிற பெல் வைத்தால் போதாதா என்று கேட்டாய். வைத்தோம். இந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் பெல் கண்ணில் படுவதில்லை. எல்லாருக்கும் கை நேராகக் கதவுக்குத்தான் போகிறது.

நான் தட்டினால் ஒரு தடவைகூடத் தவறாமல் எரிகிறது. ஆனால் தம்ளர் விழுந்தாலும் சில சமயம் எரிந்துவிடுகிறது. அதனால் பாத்திரம் விழுவது, ஜன்னல் அறைவது, மேல் வீட்டில் நாற்காலி இழுப்பது என்று எல்லாச் சத்தத்தையும் பதிவு செய்து, "இது தட்டல் இல்லை, இதுவும் இல்லை" என்று அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தட்டிப் பார்க்கிறேன். அன்றைக்கு எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி, உன் வீட்டுக் கதவ நீயே தட்டிக்கிட்டு நிக்கிற? உள்ள விட மாட்டேங்கறாங்களா?"

சிரித்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

ரிப்பேர் கடைக்காரம்மா வேலைக்கு வருகிறாயா என்று மறுபடி கேட்டாள். "மத்தியானம் வந்து சாயங்காலம் போனா போதும்மா. ஜூலை கடைசி வரைக்கும் வேற யாரையும் எடுக்கல. அதுக்கு மேல என்னால முடியாது" என்றாள். கழற்றிப் போட்ட லேப்டாப்கள் ஒரு மேஜை நிறையக் கிடக்கின்றன. அக்கா, எனக்கு அந்த மேஜையில் உட்கார வேண்டும். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடிந்தால்தான் அது நடக்கும். அதற்குள் முடித்துவிடுவேன். முடித்த பிறகு போடுகிறேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு பாதி இருக்கிறது, பாதியில் விட்ட பத்தாம் வகுப்பு. இன்னொரு பாதியையும் ஊருக்குக் காட்ட வேண்டாம்.

எலி

ஜூன் 9

எலிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் பஸ்ஸில் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார். நான் முறைத்தது உன்னை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முடித்த பிறகு போடுவாயாம். முடிந்தது என்று யார் சொல்வார்கள்? நீதானே? நீ சொல்ல மாட்டாய். நீ கோலிக்குண்டுகளை நிறவாரியாக அடுக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போது உனக்கு ஆறு வயது. இன்னும் அப்படியேதான் இருக்கிறாய்.

நன்றாகக் கேள். முடித்துவிட்டுக் காட்டினால், பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முடிக்காமல் காட்டினால்தான் கைகொடுக்க இடம் இருக்கும். சுவர் பூசி வண்ணம் அடித்த பிறகு "குழாய் எங்க போகுது?" என்று கேட்டு என்ன பயன்? இடித்துத்தான் பார்க்க வேண்டும்.

அசிங்கமாக இருக்கிறது என்று வெட்கப்படாதே. எல்லாருடையதும் அசிங்கம்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

அம்மா எப்படி இருக்கிறாள்? நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

குழுவில் உன் பெயரைத் தேடினேன். நீ சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. மற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாய். "அருமை" என்று நிறைய எழுதியிருக்கிறாய். நீ எழுதிய கோட் ஒரு வரிகூட இல்லை.

காலேஜ் முடித்து, கம்பெனியில் கோட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் ஒன்றுமே போடவில்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய போனோடு மல்லுக்கட்டுகிறவள் போட வேண்டும். என்னை முதலில் தண்ணீரில் தள்ளி ஆழம் பார்க்கிறாயா?

கோபமாக எழுதிவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று பார்த்தேன். மறுபடியும் இதேதான் வந்தது. அதனால் அனுப்புகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். காது சுத்தமாகவே கேட்கவில்லை. அதை யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டாள். யார் எது சொன்னாலும் தலையாட்டிச் சிரிக்கிறாள். உன்னைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. ஆனால் உன் பழைய செருப்பை வாசலில் இருந்து எடுக்க விட மாட்டாள். "கெடக்கட்டும். வீட்டுல ஆள் இருக்கற மாதிரி தெரியும்" என்கிறாள்.

எலி

ஜூன் 22

எலிக்கு,

ஒரு வாரமாக உன் கடிதத்துக்குப் பதில் யோசித்தேன். வீராப்பாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

நீ சொன்னது உண்மை. நான் ஒன்றுமே போட்டதில்லை.

இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், நான் பாதி எழுதி வைத்திருந்ததை ஒருவர் பெரிய திரையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். "இத எழுதினவங்க சாப்பிட்டுக்கிட்டே எழுதினாங்களா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் எழுதுவதை முழுசாக முடிக்காமல் ஒருவர் கண்ணிலும் காட்டுவதில்லை. என்னை எல்லாரும் ரொம்பக் கெட்டிக்காரி என்கிறார்கள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகவே உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிக்காரி போய் எப்படிக் கேட்பாள்?

நீயும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் உன்னை நச்சரித்தேன். வழி தெரிந்தவள் மாதிரி பேசினேன். எனக்கு வழி தெரியாது.

செருப்பு விஷயம் எனக்குத் தெரியாது. நான் கிளம்பிய அன்று அம்மா சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். "போறவ போ. திரும்பி வந்து இந்தக் கதவத் தட்டாத." அப்போதே அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. நான் பதிலுக்கு என்னென்னவோ சொன்னேன். அதில் எவ்வளவு அவளுக்குக் கேட்டது என்று இன்றுவரை தெரியாது. அதனால்தான் பணம் அனுப்புகிறேன், போன் பண்ணுகிறேன், வருவதில்லை.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

நேற்று கடைக்குப் போனேன். ஒரு மத்தியானம் மட்டும் வேலை செய்து பார்க்கிறேன் என்று கேட்டுப் போனேன். அம்மாவிடம் எழுதிக் காட்டினேன்: "பல்பு எரிந்தால் கதவைத் திற." அம்மா, "எனக்குத் தெரியாதா, போ" என்றாள். கிளம்பும் முன் நான் வெளியே நின்று தட்டிப் பார்த்தேன். எரிந்தது. அம்மா திறந்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

கடையில் ஒரு லேப்டாப்பின் விசிறியைச் சுத்தம் செய்து மாட்டினேன். அது ஓடியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது எழுதப் பிடிக்கவில்லை.

அம்மா துணி ஊறப்போடத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மறந்து, அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நிரம்பி, வழிந்து, கீழ் வீட்டுக் கூரையில் இறங்கியது. கீழ் வீட்டுக்காரர் ஓடிவந்து தட்டினார். கையை மடக்கி இடித்தார். பல்பு எரியவே இல்லை.

நான் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. தண்ணீர் அறைக்கு வந்து காலை நனைத்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பயந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறாள். வாசலில் அவர் கத்திக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம்மா தட்டறது? உள்ளதானே இருக்கீங்க? கட்டில் மெத்தை எல்லாம் போச்சு!" அம்மா தலையாட்டினாள். சிரித்துக்கொண்டே நின்றாள், அக்கா. ஈரப் புடவையோடு, அவர் என்னவோ நல்லது சொல்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே நின்றாள். அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

நான் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கத்துவதை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டார்.

கடைக்காரம்மாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புரோகிராமை அழிக்கப் போகிறேன்.

எலி

ஜூலை 2

எலி,

அழிக்காதே. அழித்தே தீருவேன் என்றால் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு அழி.

குழுவில் போடு என்று இனி சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

நான் வரட்டுமா? இதை எழுதி அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல். வேண்டாம், கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். நீ சொல்லி அல்ல.

உனக்கு எழுதிய மறுநாள் கீழ் வீட்டுக்காரர் மறுபடி வந்தார். கூரையில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று மேலே இருந்து பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை மெதுவாகத்தான் தட்டினார். நான் உள்ளே பல்புக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். எரியவில்லை. மறுபடி தட்டினார். எரியவில்லை. கதவைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க நான் வெளியே போய் அதே கதவைத் தட்டினேன். எரிந்தது.

"இது என்னம்மா, ஆள் பார்த்து எரியுது?" என்றார்.

எனக்கு விளங்கவே இல்லை. உட்கார்ந்து புரோகிராமை முழுதும் படித்தேன். சிக்கிய இடத்தில் எல்லாம் "இங்கே யாரிடமாவது கேட்க வேண்டும்" என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டுத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். யாரிடம் கேட்க நினைத்தேனோ தெரியவில்லை.

அப்படியே போட்டேன். எதையும் துடைக்கவில்லை. "அது", "அது2", "அது_புதுசு", "அது_ரொம்பப்_புதுசு" என்று நான் வைத்த பெயர்கள், அந்தக் குறிப்புகள், பதிவு செய்த சத்தங்கள், எல்லாம். கூடவே எழுதினேன்: "என் அம்மாவுக்குக் காது கேட்காது. யார் தட்டினாலும் இது எரிய வேண்டும். நான் தட்டினால் மட்டும்தான் எரிகிறது. ஏன் என்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்." கடைசி வரியை மட்டும் அழித்தேன். பிறகு அதையும் சேர்த்தேன்.

அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடி, அதன் மேல் ஒரு தலையணையை வைத்துவிட்டு, குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். இன்னும் திறந்து பார்க்கவில்லை. நீ பார்த்தால் என்னிடம் சொல்லாதே.

எலி

ஜூலை 8

எலிக்கு,

சொல்லவில்லை. தலையணையை எடு.

அக்கா

ஜூலை 13

அக்காவுக்கு,

எடுத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இல்லை, ஒருவர் சிரித்தார். குழுவில் அவர் "பழைய சார்ஜர்" என்று பெயர் வைத்திருக்கிறார். என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. "அது_ரொம்பப்_புதுசு என்பதற்கு அப்புறம் என்ன பெயர் வைப்பதாக உத்தேசம்?" என்று கேட்டார். பிறகு, "கேக்கணும், கேக்கணும்னு வழி நெடுக எழுதியிருக்கீங்க. இப்ப கேட்டுட்டீங்க. முதல் எடத்துல இருந்து வருவோம்" என்று எழுதினார்.

அவர்தான் கண்டுபிடித்தார். என் புரோகிராமைத் தன் வீட்டில் ஓடவிட்டுத் தட்டியிருக்கிறார். எரியவில்லை. அவர் மகள், சின்னப் பெண், வந்து விளையாட்டாக ஒற்றை விரலால் தட்டியிருக்கிறாள். எரிந்திருக்கிறது. உடனே நான் கொடுத்த பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இதுல தட்டினது எல்லாம் யாரு?"

நான்தான், அக்கா. எல்லாமே நான்தான். வேறு யாரையாவது கூப்பிட்டு, "எங்கள் கதவைக் கொஞ்சம் தட்டுங்கள்" என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றரை வருடமாக நானே வெளியே போய், நானே தட்டி, நானே உள்ளே வந்து பார்த்திருக்கிறேன். நான் எப்படித் தட்டுவேன் என்று உனக்குத் தெரியும். ஒற்றை விரல் கணுவால், மூன்று தடவை, உள்ளே இருக்கிறவர்களுக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்கிற மாதிரி. தட்டல் என்றால் அதுதான் என்று அது படித்துக்கொண்டது. பலமாக இடிக்கிற சத்தத்தை எல்லாம் பாத்திரம், ஜன்னல் கணக்கில் தள்ளி, "இது இல்லை" என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் எவ்வளவுக்கெவ்வளவு பலமாகத் தட்டினாரோ, அவ்வளவுக்கவ்வளவு அதற்குக் கதவு மாதிரியே தோன்றவில்லை.

இதை நான் எத்தனை வருடம் தனியாக மெருகேற்றியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சோதித்துப் பார்த்தவளும் நான்தானே.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? பழைய சார்ஜர், "எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் கதவத் தட்டி அனுப்புங்கப்பா" என்று போட்டார். வந்துகொண்டே இருக்கிறது. இரும்புக் கதவு, மரக்கதவு, கண்ணாடிக் கதவு. மோதிரம் போட்ட கை. இரண்டு கையிலும் பை இருந்ததால் காலால் உதைத்தது. ஒரு நர்ஸ், தன் ஆஸ்பத்திரி அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்பியிருக்கிறாள். அவளிடம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் ஒன்று பாதியில் கிடக்கிறதாம். அவள் அப்பா குழாயை மூட மறக்கிறவராம். "நல்லா வரலன்னு யாருக்கும் காட்டல. உங்களோடத பார்த்ததும் எடுத்தேன். சேர்த்துடலாமா?" என்று கேட்டாள். என்னுடையது முழுசாக இருந்திருந்தால் அவள் அதை எடுத்திருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. இப்போது இரண்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் கட்டிடத்தில் நானே போய்க் கேட்டேன். ஆமாம், நான். எதிர்வீட்டம்மா தட்டிவிட்டு, "இதுக்குத்தானாடி அன்னைக்கு நின்ன? சொல்லியிருந்தா நானும் கூட நின்னு தட்டியிருப்பேன்ல?" என்றாள். கீழ் வீட்டுக்காரரிடம், அன்றைக்குத் தட்டியது போலவே தட்டச் சொன்னேன். இரண்டு தடவை முயன்றுவிட்டு, "அதுக்குக் கோவம் வேணுமேம்மா. இப்ப வர மாட்டேங்குது" என்றார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். அம்மா "என்ன சொல்றாரு" என்று கேட்டது இதுதான் முதல் தடவை. சிரித்துச் சமாளிக்கவில்லை.

அக்கா, நீயும் ஒன்று அனுப்பு.

எலி

ஜூலை 20

எலிக்கு,

இதோடு என் தட்டல் இருக்கிறது. இந்த அறைக் கதவு ஓட்டைக் கதவு, சத்தம் கொஞ்சம் அதிரும்.

இதை அனுப்ப ஏன் ஒரு வாரம் ஆனது என்று கேட்பாய். பதிவு செய்வேன், கேட்பேன், அழிப்பேன். ஒன்று அதிகாரமாக இருந்தது. ஒன்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. கதவைத் தட்டுவதில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே எரிச்சல் வந்தது. கடைசியில் நம் வீட்டுக் கதவு என்று நினைத்துக்கொண்டு தட்டினேன். நன்றாக வரவில்லை. நடுவில் நின்று நின்று வருகிறது. திருத்தாமல் அனுப்புகிறேன்.

இன்னொன்று. குழுவில் நேற்று நானும் ஒன்று போட்டேன். பெரிய திரையில் சிரித்தார்களே, அதேதான், அன்று விட்ட இடத்திலேயே இருக்கிறது. பழைய சார்ஜர் வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். மறுபடி அதே கேலி என்று நினைத்தேன். அவர் சும்மா விசாரித்திருக்கிறார்.

அக்கா

ஜூலை 27

அக்காவுக்கு,

இதைக் கடையில் இருந்து எழுதுகிறேன். வந்து நாலு நாள் ஆகிறது. கடைக்காரம்மா எனக்கு மேஜையின் ஓரத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். வீட்டில் பல்பு எரிந்தால் என் போனிலும் தெரிகிற மாதிரி நர்ஸ் செய்து கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே திருகாணிகளைத் தொலைக்கிறேன். நேற்று மத்தியானம் தபால்காரர் தட்டினார், அம்மா திறந்திருக்கிறாள். தம்ளர் விழுந்தாலும் இன்னும் சில சமயம் எரிகிறதுதான். அம்மா போய்த் திறந்து பார்த்துவிட்டு, "யாரும் இல்லியா, சரி" என்று வந்துவிடுகிறாளாம். திறக்காமல் இருப்பதற்கு அது தேவலை என்கிறாள். இது முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. இப்போது அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை.

நீ அனுப்பியது வந்த அன்று, அதை வெளியில் கதவோரமாக வைத்து ஓடவிட்டேன். புதிதாக வருகிற எல்லாவற்றையும் அப்படித்தான் சோதிக்கிறேன். நீ சொன்ன மாதிரியே, இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒன்று. பல்பு எரிந்தது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். வாசலில் நான் மட்டும் போனோடு நின்றிருந்தேன்.

"யாரு?" என்றாள்.

போனைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. பலகையில் எழுதிக் காட்டினேன்: "அக்கா தட்டினாள்."

அம்மா அதைப் படித்தாள். என்னைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் எட்டிப் பார்த்தாள். கீழே உன் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்:

"அப்ப எங்க அவ?"

நான் என்ன எழுதிக் காட்டட்டும்? நீயே சொல்.

எலி

ஜூலை 28

எலி,

சனிக்கிழமை காலையில் வருகிறேன். பெல் அடிக்க மாட்டேன்.

நீ உள்ளே இருந்தாலும் எழுந்து வராதே. அம்மா திறக்கட்டும்.

அக்கா